‘புழங்கத் தோதில்லை’ என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம்?

கேள்வி: பாளைக் கணக்கர்

பாளையங்கோட்டையில் வேளாண் கருவிகளும் வீட்டுச் சாமான்களும் விற்கிற ஒரு கடையில் நான் கணக்கு எழுதுகிறேன். வாங்கிச் சென்றவர்கள் திரும்ப வந்து சொல்கிற குறைகளைக் கேட்டு, படிவத்தில் எழுதி, தயாரிப்பாளருக்கு அனுப்புவதும் என் பொறுப்பில் இருக்கிறது. உடைந்துவிட்டது, ஒழுகுகிறது, ஓடவில்லை என்று வருபவர்களின் குறையை எழுத எனக்கு இரண்டு நிமிடம் போதும். எதுவும் உடையவில்லை, எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனாலும் எடுத்துப் புழங்க முடியவில்லை என்று வருகிறார்களே, அவர்களுடைய குறையை எழுதும்போதுதான் என் பேனா நின்றுவிடுகிறது.

சென்ற மாதம் முன்னீர்பள்ளம் பக்கத்திலிருந்து வாழை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், முதுகில் மாட்டுகிற 16 லிட்டர் தெளிப்பான் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். என்ன குறை என்று கேட்டேன். “நமக்கு இது சரிப்பட்டு வராது, தாயி” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் படிவத்தில் ‘கையாளக் கடினமாக உள்ளது’ என்று எழுதி அனுப்பினேன். பத்து நாள் கழித்து, பொருளைச் சோதித்துப் பார்த்தோம், அழுத்தம் சரியாக இருக்கிறது, கசிவு இல்லை, குறை எதுவும் இல்லை என்று பதில் வந்தது. பெரியவர் சொன்னதும் பொய்யில்லை, அவர்கள் எழுதியதும் பொய்யில்லை. இடையில் நான் எழுதிய சொல்தான் எதையும் சொல்லாத சொல்லாக இருந்திருக்கிறது.

அதன்பிறகு அகராதிகளைப் புரட்டினேன். ‘கடினம்’ என்றால் பொருள் கெட்டியாக இருக்கிறது என்றும் படிக்கலாம், வேலை அரிதாக இருக்கிறது என்றும் படிக்கலாம். ‘சிரமம்’ என்பது படுகிறவருடைய பாட்டைச் சொல்கிறதே தவிர, படுத்துகிற பொருளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ‘அசௌகரியம்’ என்று எழுதினால் நாற்காலி முதல் இரயில் பயணம் வரை எல்லாவற்றுக்கும் பொருந்திவிடுகிறது. ‘வசதிக்குறைவு’ என்றால் ஏதோ ஒரு பாகம் இல்லாததுபோலத் தோன்றுகிறது.

என் மேசையில் இப்போது நான்கு படிவங்கள் காத்திருக்கின்றன. முதலாவது அந்தத் தெளிப்பான். இரண்டாவது, 20 லிட்டர் குடிநீர் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டிய ஒரு தாங்கி. வீட்டில் தனியாக இருக்கும் ஓர் அம்மா அதைப் பற்றிச் சொன்னார். மூன்றாவது ஒரு மிக்சி மூடி. மூன்று பற்களும் ஒரே நேரத்தில் பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் அது திரும்பும், இல்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான்காவது எங்கள் கடையிலேயே இருக்கிறது: பில் போடுகிற செயலி. தவறாக அடித்த ஒரு தொகையைத் திருத்த ஆறு திரைகளைக் கடந்து போக வேண்டியிருக்கிறது.

நான்கும் புழங்கத் தோதில்லாதவைதான், ஆனால் நான்கின் தோதின்மையும் ஒன்றல்ல. இவற்றைத் தனித்தனியாகச் சொல்ல நம்மிடம் சொற்கள் இருக்கின்றனவா? வீட்டிலும் வயலிலும் பட்டறையிலும் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று தெரிந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: தேரிமண்

அம்மா, நான் திசையன்விளைப் பக்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ‘பயன்படுத்த’ என்று எழுதாமல் ‘புழங்க’ என்று எழுதியிருக்கிறீர்கள். பயன்படுத்துவது ஒரு முறையோடு முடியலாம். புழங்குவது அன்றாடம் எடுப்பதும் வைப்பதுமாகப் பொருளோடு வாழ்வது. கடையில் ஒரு தடவை தூக்கிப் பார்க்கும்போது தெரியாத குறை, பத்து நாள் புழங்கினால் தெரிகிறது. படிவத்தில் முதலில் அந்த வினைச்சொல்லை நிலைநிறுத்துங்கள்.

அடுத்து, உங்களுக்கு வேண்டிய சொற்கள் நம்மிடம் குறையாகப் பிறந்தவை அல்ல, நிறைவாகப் பிறந்தவை. வாகு, தோது, ஏந்து, வாட்டம் என்று பொருந்தி வருவதற்கு இத்தனை பெயர்களை வைத்துக்கொண்டு, பொருந்தாதபோது ‘இல்லை’ என்ற ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறோம். ‘வாகில்லை’, ‘தோதுப்படவில்லை’, ‘ஏந்தாக இல்லை’, ‘வாட்டமாக வரவில்லை’ என்று நம் வீடுகளில் சொல்வதெல்லாம் இவ்வகைதான். (தோளைக் குறிக்கும் வாகு வேறு, தோளில் அணியும் வாகுவலயத்தில் இருப்பது அது. இங்கே சொல்வது ஒழுங்குக்கும் பாங்குக்கும் உரிய வாகு.) நான்கையும் ஒன்றுபோலப் பயன்படுத்துகிறவர்கள் உண்டென்றாலும், என் காதுக்கு அவற்றிடையே வேறுபாடு இருக்கிறது. வாகு என்பது வடிவத்தைப் பற்றியது. பிடியும் வளைவும் நீளமும் உடலோடு இசைகின்றனவா என்று பார்ப்பது. தோது என்பது சூழலையும் சேர்த்துக்கொள்ளும்; இடம், நேரம், ஆள் துணை எல்லாம் அதில் அடங்கும். ஏந்து என்பது தாங்குவதற்கு இருக்கிற வசதி. வாட்டம் என்றால் சாய்வும் திசையும். தண்ணீர் ஓட வாட்டம் வேண்டும் என்கிறோமே, அதேபோல் கை போகிற போக்குக்கு வாட்டமாகப் பொருள் இருக்க வேண்டும்.

ஆனால் இவற்றில் எந்தச் சொல்லும் தனியாக நின்றால் பொருள் நிறையாது. ‘வாகில்லை’ என்று மட்டும் சொன்னால் கேட்பவர் உடனே ‘எதுக்கு?’ என்பார். கைக்கு வாகில்லை, இடுப்புக்கு வாகில்லை, குனிந்து எடுப்பதற்குத் தோதில்லை என்று ‘கு’ என்னும் நான்காம் வேற்றுமை உருபு வந்து சேர்ந்தால்தான் சொல் நிற்கும். நன்னூல் நான்காம் வேற்றுமையின் பொருள்களை அடுக்கும்போது கொடை, பகை, நேர்ச்சி என்று சொல்லி, அடுத்ததாகத் ‘தகவு’ என்று வைத்திருக்கிறது. இதற்கு இது தகும் என்பதே அந்தத் தகவு. எங்கள் பக்கத்து இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், இந்தக் ‘கு’ உருபு தமிழுக்கு மட்டும் உரியதன்று, தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் இதன் உறவுகள் இருக்கின்றன என்று காட்டினார். அவ்வளவு பழைய உருபை உங்கள் படிவம் கைவிட்டுவிட்டது. ‘கடினம்’ என்ற சொல்லில் எதற்கு, யாருக்கு என்ற கேள்விக்கு இடமே இல்லை. அதனால்தான் தயாரிப்பாளரும் குறை எதுவும் இல்லை என்று எழுத முடிந்தது.

என் தகப்பனார் பனை ஏறியவர். பாளையைச் சீவுகிற அரிவாளைப் பட்டறையில் புதிதாக அடித்து வாங்கிவந்தால், அதை முதலில் கூர் பார்க்க மாட்டார். பிடியை விரல்களுக்குள் தளர்வாக வைத்துக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் இரண்டு மூன்று முறை அசைத்துப் பார்ப்பார். மரத்தின் உச்சியில் ஒரு கை பிடிமானத்துக்குப் போய்விடும். மிஞ்சிய ஒரு கையால், பாளையின் நுனியை மெல்லிய வில்லையாகச் சீவ வேண்டும். சற்று ஆழமாகப் போனால் பாளை வீணாகும். மேலோட்டமாகப் போனால் பதநீர் இறங்காது. ஒருமுறை அப்படி அசைத்துப் பார்த்துவிட்டு, “கூர் நிக்கும், ஆனா கைக்குத் தலைக்கனமா இருக்கு” என்று கொல்லரிடமே திருப்பிக் கொடுத்தார். கொல்லர் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அலகின் முனைப்பக்கத்தை இழைத்துக் குறைத்துக் கொடுத்தார். எந்த உறுப்புக்கு, பொருளின் எந்தப் பக்கத்தில், என்ன மிகை என்பது அந்தச் சொல்லிலேயே இருந்ததால் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

தெளிப்பானைத் திருப்பிய பெரியவரை மறுபடியும் கண்டால், ‘என்ன குறை?’ என்று கேட்காமல் ‘எதுக்குச் சரிப்பட்டு வரல?’ என்று கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 2: முக்கூடல்காரி

ஐயா சொன்னதை ஒட்டி, என்னிடம் பல ஆண்டுகளாக இருக்கிற ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் அம்மாவும் அத்தையும் பீடி சுற்றினார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எனவே வீட்டில் கை ஓயாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் இலை வெட்டிக் கொடுக்க வேண்டும். நனைத்து ஈரம் கட்டிய இலையின்மேல் அளவுத் தகட்டை வைத்து, அதன் விளிம்பை ஒட்டிக் கத்தரியால் வெட்டுவதுதான் வேலை. எனக்கு இடக்கை வழக்கம். தங்கச்சி வெட்டிய இலை தகட்டின் அளவுக்கு நறுக்கென்று இருக்கும். நான் வெட்டியது ஓரமெல்லாம் பிசிறடித்துக் கிடக்கும். கத்தரியின் இரண்டு அலகுக்கும் நடுவில் இலை அகப்பட்டு மடங்கிக்கொள்ளும். ‘உனக்குக் கை வேலைக்கு வணங்காது’ என்று அத்தை சொல்வார்கள். ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்ற பழமொழியை என் வீட்டில் நான் கேட்ட அளவுக்கு வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கத்தரி சரியில்லை என்று நான் வாயைத் திறந்தால் போதும், அந்தப் பழமொழி வந்து விழுந்துவிடும்.

பின்னாளில் நான் தையல் படித்தபோது, சொல்லிக்கொடுத்த அக்கா என் கையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு விளக்கினார். சாதாரணக் கத்தரி வலக்கைக்காகச் செய்யப்பட்டது. வலக்கையால் அமுக்கும்போது, கட்டைவிரலும் மற்ற விரல்களும் தள்ளுகிற போக்கிலேயே இரண்டு அலகுகளும் ஒன்றோடொன்று நெருங்கிப் பொருந்துகின்றன. அதே கத்தரியை இடக்கையில் பிடித்தால், அதே தள்ளல் அலகுகளை விலக்கிவிடுகிறது. அது மட்டுமல்ல, மேலலகு வெட்டும் கோட்டை மறைத்துக்கொள்வதால் எங்கே வெட்டுகிறோம் என்பதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அன்றைக்கு அவர் இடக்கைக்கென்று அலகு மாற்றிச் செய்த கத்தரி ஒன்றை என் கையில் கொடுத்தார். துணி நேராக அறுந்து போனபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா, உங்கள் படிவத்துக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. ‘வணங்காது’ என்ற சொல் என் கையைப் பற்றியது. ‘சிரமப்படுகிறாள்’ என்பதும் என்னைப் பற்றியதுதான். பொருளைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் ஆளைப் பற்றிப் பேசுகிற சொல்லை வைத்தால், குற்றம் சத்தமில்லாமல் ஆள்மேல் ஏறிவிடுகிறது. ‘இந்தக் கத்தரி இடக்கைக்கு வாகில்லை’ என்று யாராவது அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதில் கத்தரியும் இருந்திருக்கும், என் கையும் இருந்திருக்கும், இரண்டில் ஒன்றுமே குற்றவாளி ஆகியிருக்காது. வேறு கத்தரி தேட வேண்டும் என்ற எண்ணமாவது எங்கள் வீட்டில் வந்திருக்கும். ஆகவே ஐயா சொன்ன அந்தக் ‘கு’ உருபு எனக்கு இலக்கணமாகத் தெரியவில்லை, நியாயமாகத் தெரிகிறது.

குடிநீர் கேனைப் பற்றி ஒரு வார்த்தை. குடத்தை இடுப்பில் வைக்கும்போது அதன் வயிறு இடுப்பெலும்பின்மேல் உட்காருகிறது, கழுத்தை முழங்கை வளைத்துக்கொள்கிறது. பாதிப் பாரத்தை உடம்பே வாங்கிக்கொள்ளும். கேனுக்கு இடுப்பிலும் இடமில்லை, அணைத்துப் பிடிக்கக் கழுத்தும் இல்லை. 20 கிலோவையும் இரண்டு உள்ளங்கையாலேயே தூக்கி, தூக்கிய நிலையிலேயே கவிழ்க்கவும் வேண்டும். எங்கள் பக்கத்தில் இதை ‘எடுப்புக்கு அடங்காது’ என்போம். கனம் என்று எழுதிவிடாதீர்கள். அதே 20 கிலோ குடத்தில் இருந்தால் அந்த அம்மா ஒருவேளை தூக்கிவிடுவார்.

மறுமொழி 3: வண்ணார்பேட்டைப் பட்டறை

நான் மோட்டாரும் பம்பும் பழுது பார்க்கிறவன். எங்களிடம் வருகிற சொற்களைக் கலந்துவிட வேண்டாம் என்று சொல்வதற்காக எழுதுகிறேன்.

‘சண்டித்தனம் பண்ணுகிறது’, ‘முரண்டு பிடிக்கிறது’, ‘மக்கர் பண்ணுகிறது’ என்று வந்தால், அந்தப் பொருள் சில நேரம் ஓடுகிறது, சில நேரம் ஓடவில்லை என்று பொருள். ஏரில் பூட்டியபின் படுத்துக்கொள்கிற மாட்டைத்தானே சண்டிமாடு என்கிறோம். இவை தோதின்மை அல்ல, பழுது. உள்ளே எங்கோ ஒரு காரணம் இருக்கிறது, பிரித்தால் கிடைக்கும். ‘லொடலொடப்பு’, ‘ஆட்டம் காண்கிறது’, ‘தொளதொளவென்று இருக்கிறது’ என்றால் தேய்மானம். ‘கடுசு’ என்றால் திருப்பவோ அமுக்கவோ அளவுக்கு மேல் விசை வேண்டியிருக்கிறது. எண்ணெய் விட்டும் போகவில்லையென்றால் அது வார்ப்பிலேயே உள்ள குறை.

உங்கள் கேள்விக்கு நேராக வருவது எங்கள் சொற்களில் ‘எசகுபிசகு’தான். பொருள் நன்றாக இருக்கும், இருக்கிற இடம்தான் கெட்டிருக்கும். ஒரு பம்பில் அடிக்கடி கழற்ற வேண்டிய நட்டு ஒன்றைச் சுவர்ப்பக்கமாக வைத்திருந்தார்கள். திருப்புளியும் போகாது, ஸ்பேனரும் முழுச் சுற்று வராது. கால் சுற்று திருப்பி, எடுத்து, மறுபடி மாட்டிக் கால் சுற்று. அந்த ஒரு நட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். ‘நட்டு எசகுபிசகான இடத்தில் இருக்கிறது’ என்று எழுதினால் எந்தப் பட்டறைக்காரருக்கும் விளங்கும். எடை மிகுதியாக இல்லாமல் உருவம் மட்டும் பெரிதாக இருந்தால் ‘தண்டியாக இருக்கிறது’ என்று தனியாக எழுதுங்கள், அண்ணாச்சிமார் பலர் இரண்டையும் ஒன்றாக்கிக் ‘கனம்’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

மறுமொழி 4: அம்பை எழுத்துப்பணி

நான் அம்பாசமுத்திரத்தில் வீட்டிலிருந்தபடியே செயலிகளுக்குத் தமிழ் வாசகம் எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் நான்காவது படிவம் என் அன்றாடத் தொல்லை என்பதால், அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

செயலியைக் குறை சொல்ல இப்போது பலரும் ‘பயனர் நட்பற்றது’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தத் தொடர் உடன்பாடில்லை. நட்பும் பகையும் ஆட்களுக்குள் இருப்பவை. அரிவாளைப் பற்றியோ ஆட்டுக்கல்லைப் பற்றியோ நாம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. செயலி திரைக்குள் இருப்பதாலேயே அதற்குப் புதிய தமிழ் வேண்டும் என்று நினைப்பது தவறு. பில் திருத்த ஆறு திரை போக வேண்டும் என்றீர்களே, அதற்குத் ‘தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது’ என்று நம் வழக்கிலேயே இருக்கிறது. போய்ச்சேர வழி இருக்கிறது, ஆனால் வழி வீணாகச் சுற்றுகிறது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. படிவத்துக்குச் சுருக்கமாக வேண்டுமென்றால் ‘சுற்றுவழி’ என்று எழுதலாம்.

வேறொரு வகைச் செயலி இருக்கிறது. அதில் திரைகள் குறைவு, ஆனால் எந்தப் பொத்தானை அமுக்கினால் எங்கே போகும் என்று பிடிபடாது. அதைக் ‘கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல’ என்கிறோம். முன்னதைச் சரிசெய்யப் படிகளைக் குறைக்க வேண்டும். பின்னதைச் சரிசெய்யப் பெயர்ப்பலகைகளை மாற்ற வேண்டும். இரண்டையும் ‘குழப்பமாக உள்ளது’ என்று ஒரே சொல்லில் எழுதி அனுப்பினால், செய்கிறவர்கள் எதைத் திருத்துவார்கள்?

மிக்சி மூடிக்கு என் வீட்டுச் சொல் ‘சள்ளை’. என் ஆச்சி சிறிய வேலை பெரிய தொல்லையாக இருந்தால், “சள்ளை பிடிச்ச வேலை” என்பார்கள். விசையும் வேண்டாம், திறமையும் வேண்டாம், பொறுமையை மட்டும் துளித்துளியாக வாங்குகிற வேலைக்கு அந்தச் சொல். ‘நொச்சு’ என்றும் சொல்வதுண்டு. மூன்று பற்களும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும் என்று நீங்கள் எழுதிய இடத்தில் எனக்கு ஆச்சியின் குரல் கேட்டது.

மறுமொழி 5: தேரிமண்

அம்பைத் தம்பி சொன்ன ‘சள்ளை’ அருமையான சொல்தான், எனக்கும் அது தாய்வீட்டுச் சொல். ஆனால் கணக்கர் அம்மாவின் படிவம் எங்கெங்கோ போகும். நம் பக்கத்தில் ஒரு சொல்லுக்கு இருக்கிற உயிர், வேறு பக்கத்தில் அப்படியே இருக்கும் என்று எண்ண முடியாது. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குகளைத் திரட்டித் தனி அகராதியாக 1982-இல் கொண்டுவந்தார் என்றால், பொது அகராதியின் வலையில் விழாத சொற்கள் அவ்வளவு இருந்தன என்பதுதானே காரணம். ஆகவே வட்டாரச் சொல்லை வாடிக்கையாளர் வாக்காக மேற்கோளில் வைத்து, அடுத்த வரியில் நடப்பதை எல்லாருக்கும் விளங்கும்படி விரித்து எழுதலாம். சொல்லை மாற்றிவிட வேண்டாம், விளக்கத்தைச் சேர்த்தால் போதும்.

‘பயனர் நட்பு’ பற்றித் தம்பி சொன்னதில் ஒரு பாதியை மட்டும் ஏற்கிறேன். அந்தத் தொடர் பரவலாகிவிட்டது, படிக்கிறவருக்குப் புரியவும் செய்கிறது. என் மறுப்பு வேறு: அந்தச் சொல்லும் ‘கடினம்’போலவே எதற்கு என்று கேட்பதற்கு இடம் வைக்கவில்லை. ‘பில் திருத்த வாட்டமில்லை’ என்று எழுதினால் எந்த வேலைக்கு என்பது கூடவே வந்துவிடுகிறது.

மறுமொழி 6: பாளைக் கணக்கர்

அனைவருக்கும் நன்றி. நேற்று முன்னீர்பள்ளம் பெரியவர் உரம் வாங்க வந்திருந்தார். ஐயா சொன்னபடியே, “எதுக்குச் சரிப்பட்டு வரலை, தாத்தா?” என்று கேட்டேன். அன்றைக்கு ஒரு வரியோடு நின்றவர் நேற்றைக்குக் கால் மணி நேரம் பேசினார். கடையில் இருந்த வேறொரு தெளிப்பானை மாட்டிக்கொண்டு, நடந்து காட்டினார்.

அவர் காட்டியதைப் பார்த்துப் படிவத்தைத் திருத்தி எழுதியிருக்கிறேன். அதை இங்கே தருகிறேன்:

“தோள்வார் இரண்டு விரல் அகலமே இருப்பதால், நிரப்பியபின் ஏறக்குறைய 20 கிலோ பாரமும் அந்த அகலத்திலேயே இறங்கித் தோளில் பதிகிறது, தோளுக்கு ஏந்தாக இல்லை. அடிக்கும் நெம்புகோல் இடுப்புக்குக் கீழே தாழ்ந்திருப்பதால், ஒவ்வோர் அடிக்கும் இடத்தோளைச் சாய்க்க வேண்டியிருக்கிறது, இடக்கைக்கு வாட்டமில்லை. சாயும்போது மூடியோரமாக மருந்து முதுகில் சிந்தாமல் இருக்க, வாழைக்கு நடுவில் ஒருக்களித்து நடக்க வேண்டியிருக்கிறது. வாழைக்குள் புழங்கத் தோதில்லை. ‘நமக்கு இது சரிப்பட்டு வராது’ என்பது வாடிக்கையாளரின் சொல்.”

மூன்று வரியில் மூன்று குறைகள் வந்திருக்கின்றன. முதலில் நான் எழுதிய மூன்று சொல்லில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. மிக்சி மூடிக்குச் ‘சள்ளை’ என்று மேற்கோளில் எழுதி, பற்கள் உட்காராத விவரத்தைக் கீழே சேர்த்திருக்கிறேன். குடிநீர்த் தாங்கிக்கு முக்கூடல் தங்கச்சியின் ‘எடுப்புக்கு அடங்காது’ என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன், கேனைக் கவிழ்க்காமல் கீழே வைத்தபடியே நீர் எடுக்கிற மாதிரி இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறேன்.

மறுமொழி 7: முக்கூடல்காரி

அக்கா, நெம்புகோல் இடப்பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். இடக்கைக்காரர் ஒருவர் அந்தத் தெளிப்பானை வாங்கினால், இடக்கை நெம்புகோலுக்குப் போய்விடும். குழலைப் பிடித்துக் குறி பார்க்கிற வேலை, பழகாத வலக்கைக்கு வந்துவிடுமே. அதையும் ஒரு வரி சேர்ப்பீர்களா?

மறுமொழி 8: பாளைக் கணக்கர்

சேர்த்துவிட்டேன். கடையில் இருக்கிற மாதிரிகளையும் இன்று காலையில் எடுத்துப் பார்த்தேன். இரண்டில் ஊசியைக் கழற்றி நெம்புகோலை வலப்பக்கம் மாற்றிக்கொள்ள இடம் வைத்திருக்கிறார்கள், ஆனால் விளக்கத்தாளில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ‘இடக்கைக்காரர்களுக்கு ஏற்பவும் மாற்றிக்கொள்ளலாம்’ என்று தாளில் எழுதி அந்த இரண்டின்மேலும் ஒட்டி வைத்திருக்கிறேன்.